அறியாத தொற்றும் அறிந்தவர் கடனும்

தன் உடலில் நோய்க்கிருமி இருப்பதை அறியாத ஒருவரிடமிருந்து அந்நோய் பிறருக்குப் பரவுமானால், அத்தீங்குக்கு அவர் பொறுப்பாவாரா என்பது மருத்துவத்தோடு முடிந்துவிடும் வினா அன்று. மலேரியா மிகுந்த பகுதிகளில் பலமுறை தொற்றுக்கு ஆளானவர்களிடம் ஓரளவு எதிர்ப்பாற்றல் உருவாவதால், காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இன்றி அவர்கள் வழக்கம்போல் வேலைக்குச் செல்லக்கூடும். ஆயினும் அவர்களது இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணி அனாபிலிஸ் கொசுவின் வழியே அடுத்தவரை அடையும். வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணியோ கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் தலைதூக்கும். அவ்வுறக்க நிலையைக் காட்டித்தரும் சோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

பௌத்தம் வினையின் வேரைச் சேதனையில், அதாவது செய்பவரின் எண்ணத்தில், காண்பதால், அந்நோக்கில் அறியாமல் நோயைப் பரப்புபவர் குற்றமற்றவர். சமணரின் தத்துவார்த்த சூத்திரமோ, பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையால் உயிருக்கு ஊறு நேர்வதையே இம்சை என வரையறுக்கிறது. இவ்வரையறை தொற்றை அறியாமல் வேலைக்குச் செல்பவரைச் சுட்டுவதாகத் தோன்றினும், உண்மையில் அது சுட்டுவது, மறைந்த தொற்று உண்டென்று அறிந்தும் தேடாமலிருப்பவர்களையே. தேடாமலிருப்பதன் விளைவுக்கு இலங்கை ஒரு சான்று: அங்கு 1963இல் மலேரியா நோயாளிகள் 17 பேராகக் குறைந்தபின் கண்காணிப்பு தளர்ந்ததும் ஒரு காரணமாக, அப்பத்தாண்டின் இறுதியில் இலட்சக்கணக்கானோர் நோயுற்றனர். அந்நாடு மலேரியா அற்றதெனச் சான்று பெற 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

அத்தகைய தேடல் தமிழ்நாட்டிலும் தேவை. ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்திலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய குடியிருப்புகளிலும், மலேரியா இன்னும் நீங்காத ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் தங்கி உருக்காலைகளில் உழைக்கிறார்கள். காய்ச்சல் இல்லாதவர் மருத்துவமனைக்கு வரமாட்டார் என்பதால், அவரை நாடிச் சென்று விரல்நுனியில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒடிசா அரசு 2017 முதல் தொலைதூரச் சிற்றூர்களில் காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் அனைவரையும் இவ்வாறு சோதித்துச் சிகிச்சை அளித்தது.

நலமாக இருப்பவரிடம் பிறர் பொருட்டு இரத்தம் கேட்பது ஒரு கொடையைக் கேட்பதாகும் என்பதால், கேட்பவருக்கும் கடமைகள் உண்டு. அவருக்குப் புரியும் மொழியில் காரணத்தைச் சொல்ல வேண்டும். சோதனை முடிவு வேலையைப் பறிக்கும் ஆவணமாகிவிடக் கூடாது. வைவாக்ஸுக்குப் 14 நாள் தரப்படும் பிரைமாகுயின் மாத்திரை, ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது. பிறருக்காக மருந்து உண்பவரை அந்த ஆபத்துக்கு உள்ளாக்காமல் அந்நொதியின் அளவையும் முன்னரே சோதிப்பதே முறை. கொசு மாநிலம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆகவே, ஒரே கொட்டகையில் வேலை செய்யும் உள்ளூர்க்காரரும் அதே ஊசிக்கு விரல் நீட்ட வேண்டும்.