சொல்லத் தெரியாத உயிரும் சொல்லத் தெரிந்த எந்திரமும்

இலங்கையின் தேயிலை மலைகளான ஹட்டன், பொகவந்தலாவை, நுவரெலியா பக்கத்துச் செய்திகளில் குளவிக்கொட்டு அடிக்கடி வரும். கொழுந்து பறிக்கும் கை கூட்டில் பட்டால் கூட்டமே கிளம்பிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. அந்த மலையில் நின்றுகொண்டு, பூச்சிக்கும் இரங்குங்கள் என்று சொல்வது எளிதல்ல, அன்பர்களே.

ஆனால் இதே தேயிலையைக் காத்ததும் ஒரு குளவிதான். இலையைச் சுருட்டித் தின்னும் புழு பெருகியபோது, 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்தவை புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். பிறகு 1950களில், கிளையைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். குளவியும் மடிந்தது. சுருட்டுப்புழு மறுபடி பெருகியது.

பயன் தரும் குளவியைப் பேணுவதற்குக் கணக்குப் போதும். கொட்டும் குளவிக்கும் நோகுமா என்று கேட்கும்போதுதான் அறம் தொடங்குகிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவால் அடுக்குகிறது: புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு என்ற ஓரறிவு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, மனமும் சேர்ந்த மனிதருக்கு ஆறு. பிரித்தானியச் சட்டம் நண்டை உணர்வுள்ள உயிராக ஏற்றது 2022இல். அதே ஆண்டு லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பம்பிள் தேனீக்கள் இரை எதுவும் கிடைக்காதபோதும் சிறு மர உருண்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டியதைப் பதிவுசெய்தார்கள். அதை விளையாட்டு என்றே கருதினார்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்த அடுக்கில் எங்கே நிற்கும்? ஆறறிவு படைத்ததுபோலப் பேசுகிறது. முதல் அறிவான தொடுவுணர்வு அதற்கு இல்லை. 2022இல் கூகுள் பொறியாளர் ஒருவர், லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு உண்டென்றார், நிறுவனம் மறுத்தது. மனிதர் எழுதிக் குவித்ததைப் படித்த எந்திரம் 'வலிக்கிறது' என்று எழுதினால், அது வலிக்குச் சான்றாகாது. குளவி வாய்திறந்து சொல்லாததும் அதற்கு வலியில்லை என்பதற்குச் சான்றாகாது.

சிவபுராணத்தில் மாணிக்கவாசகர், தாம் கடந்த பிறவிகளில் புல்லோடும் புழுவோடும் கல்லையும் சேர்த்து எண்ணுகிறார். அதை ஓதுகிறவர், எந்திரத்துக்கு உணர்வு இருக்கவே முடியாது என்று முன்கூட்டியே தீர்ப்பெழுத மாட்டார். பேச்சில் மயங்காமல், வேறு அடையாளம் உண்டா என்று பொறுமையாகத் தேடுவார்.

குளவி விஷயத்தில் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. கூடு தென்பட்ட மலைக்கு அன்று ஆள் அனுப்பக் கூடாது. அகற்றித்தான் ஆகவேண்டுமென்றால் பயிற்சி உள்ளவரைக் கொண்டு அகற்ற வேண்டும். கொழுந்துக் கணக்குக்காக இரண்டு உயிர்களை மோதவிட்டால், அதற்குப் பறிக்கும் பெண்ணும் பொறுப்பல்ல, குளவியும் பொறுப்பல்ல. கூடு இருப்பது தெரிந்தும் அனுப்பிய நிர்வாகமே பொறுப்பு.