குறையும் விருப்பமும்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றின் பொருள் மாறும்போது, அதைப் பேசும் மனிதரின் மனமும் மாறியதோ எனக் கேட்கத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் 'வாண்ட்' என்ற சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'விரும்புதல்' என்ற பொருளில் பள்ளிச் சிறுவரும் அதை அறிவர். ஆனால் அதன் பிறப்புப் பொருள் அதுவன்று.

வடபுலத்தாரின் பழைய நார்ஸ் மொழியில், 'குறைவுபடுதல்' என்னும் பொருள் கொண்ட வினையிலிருந்து, ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டளவில் அது ஆங்கிலத்தில் புகுந்தது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், ஆயரைப் பாடும் 23-ஆம் திருப்பாடலின் முதல் அடியில் இச்சொல் உண்டு. அங்கே அது குறைவையே சுட்டுகிறது. விருப்பம் என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. எனினும் பழம்பொருள் முற்றும் மறையவில்லை. 1941-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்த நான்கு சுதந்திரங்களுள் ஒன்று, இச்சொல் குறிக்கும் வறுமையினின்று விடுதலை பெறுவதே.

இல்லாதது தேவையாகிறது, தேவையானது விருப்பமாகிறது. இவ்வழி இயல்பானதே. ஆயின் இதைத் திருப்பிப் போட்டு, 'நான் விரும்புவதெல்லாம் எனக்குக் குறைவானவை' என்று கொள்ளலாமா? வணிக விளம்பரங்கள் நம்மை அப்படித்தான் நம்பச் சொல்கின்றன. நம் தமிழிலும் 'வேண்டும்' என்ற ஒரே சொல் தேவையையும் ஆசையையும் சேர்த்தே சுமக்கிறது அன்றோ!

இங்கே புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்குத் துணை வருகிறார். மானின் வேகமும் சிங்கத்தின் வலிமையும் மனிதனிடம் இல்லை, அது தீமையன்று. பார்வை இல்லாமையோ உண்மையான குறை. ஏனெனில் அது அவனுக்கு இயல்பாக உரியது. ஆகவே 'என்னிடம் எது இல்லை?' என்பதைவிட, 'எனக்கு உரியது எது இல்லை?' என்பதே சரியான கேள்வி.

இக்கேள்வி இருபுறமும் வெட்டும் வாள். அயலாரிடம் உள்ளது நம்மிடம் இல்லையே என்று ஏங்கும்போது, ஆசைக்குக் குறை என்று பெயரிடுகிறோம். கூலி உயர்வு கேட்கும் உழைப்பாளியைப் பேராசைக்காரன் என்னும்போது, குறைக்கு ஆசை என்று பெயரிடுகிறோம். சிக்கனமாக வாழும் தொழிலாளியின் வாழ்வுக்குப் போதுமான ஊதியம் இயற்கை நீதியின் கோரிக்கை என 1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதினார். உரியதைக் கேட்பவரிடம் மனநிறைவைப் போதிப்பது அறமாகாது. மனநிறைவு நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய பாடம். பிறரின் பசிக்கு நாம் அளிக்கும் பதில் அன்று.