சிக்கனம் யார் தலையில்?

மலிவாக வாங்குவது ஒரு நற்குணம் என்றே நம் குடும்பங்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். கத்தரிக்காயிலிருந்து கல்யாணப் புடவை வரை நாலு கடை ஏறி இறங்கி, விலை பேசி வாங்குகிறவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். வாங்கிய பொருள் மட்டமாகப் போனாலும் நஷ்டம் வாங்கியவனோடு நின்றுவிடுகிறது. குடை ஒழுகினால் நனைகிறவன் நான்தான். செருப்பு அறுந்தால் வெறுங்காலோடு நடக்கிறவனும் நான்தான். ஆனால் மிச்சம் பிடித்தவன் ஒருவனாகவும், அந்த மிச்சத்தின் வேதனையை அனுபவிக்கிற ஜீவன் வேறொன்றாகவும் இருக்கிற பொருள்கள் சில உண்டு. வேட்டைத் துப்பாக்கி அவற்றுள் ஒன்று.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் எழுதியிருந்தான்: "மாமா, இங்கே நவம்பர் கடைசியில் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். லீவர் ரைபிள் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். பொழுதுபோக்காகச் சுடவும் வேண்டும், வேட்டைக்கும் ஆக வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இது தப்பா மாமா?"

பையன் விலையைப் பற்றிக் கேட்கிறானா, பாவத்தைப் பற்றிக் கேட்கிறானா என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. யோசிக்க யோசிக்க இரண்டும் ஒரே கேள்விதான் என்று படுகிறது.

லீவர் ரைபிளை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். தொப்பியணிந்த கதாநாயகன் குதிரைமேல் வருவான். துப்பாக்கி விசையைச் சுற்றித் தொங்கும் இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுப்பான். தள்ளும்போது வெந்த தோட்டாக் கூடு வெளியே தெறிக்கிறது. இழுக்கும்போது புதுத் தோட்டா உள்ளே போகிறது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த குண்டு தயார். பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் 1860-ல் இந்த வகையில் ஒன்றுக்கு உரிமை பெற்றார். குழாயில் பதினாறு தோட்டாக்கள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவிட்டு வாரம் முழுவதும் சுடுகிற துப்பாக்கி என்று உள்நாட்டுப் போரில் எதிரிகள் அதைச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் குதிரைப்படை, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டுமே போடக்கூடிய துப்பாக்கிகளோடு நின்றபோது, எதிரே வந்த செவ்விந்திய வீரர்களில் பலர் கையில் இத்தகைய துப்பாக்கிகள் இருந்தன. பிறகு ஜான் பிரவுனிங் என்ற மேதை வகுத்துக்கொடுத்த வின்செஸ்டர் 1894 வந்தது. எழுபது லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். அமெரிக்கக் கிராமத்தில் தாத்தாவின் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் அதுதான்.

இவ்வளவு பெருமையும் இரண்டாவது குண்டின் பெருமை என்பதைக் கவனியுங்கள். முதல் குண்டு தவறினால் என்ன, அடுத்தது இருக்கிறதே என்று இந்த இயந்திரம் மனிதன் காதில் ஓதுகிறது. போர்க்களத்தில் அது உயிர் காக்கும் உபதேசம். மானுக்கு எதிரே நிற்கிறவனுக்கு அது கெட்ட உபதேசம். நெஞ்சில் படவேண்டிய முதல் குண்டு வயிற்றில் பட்டால் மான் அங்கேயே விழுவதில்லை, ஓடுகிறது. புதருக்குள் போய்ப் படுத்து மணிக்கணக்கில் சாகிறது. இரண்டாவது குண்டுக்கு அதன் முதுகுகூடத் தென்படாது.

இனி விலைக்கு வருவோம். பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் இருபத்திரண்டு ரகம் என்று சொல்லும் சிறு தோட்டாத் துப்பாக்கி போதும். சில நூறு டாலரில் நல்லதே கிடைக்கும். தோட்டா ஒன்று சில காசுகள்தான். நாள் முழுவதும் தகர டப்பாவைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அதைக்கொண்டு மானைச் சுடுவது பென்சில்வேனியாவில் சட்டப்படியே குற்றம். மானுக்கு முப்பது-முப்பது என்ற தோட்டா வேண்டும். 1895-ல் வந்த அந்தத் தோட்டா இன்றும் மான் வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதற்கான புதுத் துப்பாக்கி, மார்லின் 336 போன்றது, ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. பிரேசில் நாட்டு ரோஸி சற்று இறங்கி வரும். வின்செஸ்டரில் 1964-க்கு முன் செய்ததா, பின் செய்ததா என்று கேட்டு விலை வைக்கிறார்கள். அந்த ஆண்டில் கம்பெனி செலவைக் குறைக்க உள்ளுறுப்புகளை மாற்றிவிட்டது. மேல்நாட்டிலும் நம்மூர்ப் பாத்திரக்கடைப் பேச்சுத்தான்! தோட்டாவோ ஒன்று ஒரு டாலருக்கு மேல். ஆசைக்குச் சுட்டால் சம்பளம் கரையும்.

ஆகவே ஒரே துப்பாக்கியில் விளையாட்டும் வேட்டையும் என்ற சிக்கனக்காரன் என்ன செய்கிறான்? பெரிய துப்பாக்கியை வாங்குகிறான். தோட்டாவின் விலையைப் பார்த்துப் பழகாமலே வைத்திருக்கிறான். பருவம் தொடங்கும் நாளில் ஆறு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறான். அவன் மிச்சம் பிடித்த தோட்டாக்களுக்கெல்லாம் மான் வட்டி கட்டுகிறது.

கொல்வதே தவறு என்று என் தங்கை சொல்வாள். அவள் சைவம், சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. எனக்கு அந்த உரிமை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கசாப்புக் கடைக்காரருக்குப் பணம் கொடுத்து என் பங்குக் கொலையை அவர் கையால் செய்வித்து, கால் கிலோவாக மடித்து வாங்கி வருகிறவன் நான். அந்த ஆட்டின் கண்ணை நான் பார்த்ததில்லை. தன் கையால் கொன்று, தன் தோளில் சுமந்து வந்து, குளிர்காலம் முழுவதும் அதையே உண்கிறவனை நான் எந்த வாயால் கடிந்துகொள்வது? நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு பொழுதுபோக்கு வேட்டை முடிந்த கதையாகிவிட்டது. அதனால் இந்தக் கேள்வியைத் தூரத்தில் வைத்துப் பேச நமக்குச் சுலபமாக இருக்கிறது.

அங்கே நிலைமை வேறு. கட்டுப்பாடின்றிச் சுட்டுச் சுட்டுப் பென்சில்வேனியாவில் மானினமே ஏறக்குறைய அற்றுப்போய், 1906 முதல் வெளிமாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மானைத் தின்னும் ஓநாயையும் முன்பே ஒழித்தாயிற்று. இப்போது மான் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அந்நாட்டில் விற்கும் ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்குப் பதினொன்று வரி. அந்தப் பணம் வனவிலங்குகளைப் பேணப் போகிறது. சுடுகிறவன் வளர்க்கவும் கொடுக்கிறான். விசித்திரந்தான், ஆனாலும் ஒரு நியாயம் இருக்கிறது.

இருந்தும் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. ஆல்டோ லியோபோல்ட் என்ற காட்டியல் அறிஞர் தாமும் வேட்டைக்காரர். இளவயதில் ஓர் ஓநாயைச் சுட்டுவிட்டு, அதன் கண்ணில் பச்சை நெருப்பு அணைவதைப் பார்த்தவர். 1949-ல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு கருத்து வருகிறது: வேட்டைக்காரனுக்குக் கைதட்டவோ கண்டிக்கவோ பார்வையாளர் கூட்டம் கிடையாது, காட்டில் அவனோடு இருப்பது அவன் மனச்சாட்சி மட்டுமே. வயிற்றில் குண்டு பாய்ந்து ஓடிய மானைத் தேடி இருட்டும்வரை அலைந்தானா, குளிருக்குப் பயந்து வீடு திரும்பினானா என்பதை எந்த அதிகாரி எழுதிவைப்பார்?

அதனால் பையனுக்கு இப்படி எழுதினேன். பளபளக்கும் மரமும் பித்தளையும் உனக்கு வேண்டாம். மரம் கீறியிருந்தாலும் இரும்பு நன்றாயிருக்கிற பழைய முப்பது-முப்பது ஒன்றைத் தேர்ந்தெடு. பெயரில் மிச்சம் பிடி, பழக்கத்தில் பிடிக்காதே. இரண்டும் வாங்கப் பணம் இல்லையென்றால் இந்த ஆண்டு இருபத்திரண்டு மட்டும் வாங்கு. மான் அடுத்த ஆண்டும் இருக்கும். கூர்முனைக் குண்டு மலிவாகக் கிடைக்கிறதென்று குழாயில் போட்டுவிடாதே. தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. பின்னதன் முனை முன்னதன் மருந்துப் பொட்டில் இடித்தால் உன் கையிலேயே வெடிக்கலாம்.

பெரியவர்கள் செய்கிற ஒரு சோதனையும் உண்டாம். மானின் இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய ஒரு காகிதச் சாப்பாட்டுத் தட்டின் அளவு. தட்டை மரத்தில் குத்தி, காட்டில் எப்படி நிற்பாயோ அப்படி நின்று, ஐந்து முறை சுட வேண்டும். ஐந்தும் தட்டுக்குள் விழுகிற தூரம் ஐம்பது கஜம் என்றால், ஐம்பத்தோராவது கஜத்தில் நிற்கிற மான் அவனுடையதல்ல; எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் சரி. காகிதத் தட்டு அங்கே கட்டுக் கட்டாக விற்கிறது. அதை மட்டும் அவன் எவ்வளவு மலிவாக வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும்.