பேயை ஓட்டிய பின்

உடுக்கை ஒலிக்கிறது. வேப்பிலை வீசப்படுகிறது. புகை சூழ்ந்த கூடத்தின் நடுவே 13 வயதுச் சிறுமி ஒருத்தி தலைவிரி கோலமாக உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள். மூன்று திங்களாக அவள் பேசவில்லை, பள்ளிக்குச் செல்லவில்லை, சோற்றைத் தொட்டாலும் விழுங்குவதில்லை. "போகிறாயா, இல்லையா?" என்று பூசாரி உறுமுகிறான். போகவேண்டியது பேயாம், அடி விழுவதோ பிள்ளையின் முதுகில்! எந்த ஊர் என்று கேட்கவேண்டாம். பெயரை மாற்றினால் பல ஊர்களுக்குப் பொருந்தும் காட்சி அது.

நம் தோழர் ஒருவர் அங்கே செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படித்தவர், துணிந்தவர். "அம்மா, பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பிள்ளையின் மனம் நொந்திருக்கிறது. இந்தப் பித்தலாட்டத்துக்குக் கடன் வாங்கிக் கொட்டாதீர்கள்" என்கிறார். அத்தனையும் உண்மை. பூசாரி வெகுண்டெழுகிறான், தோழர் அஞ்சவில்லை. உடுக்கை ஓய்கிறது. வெற்றிதான்! தோழர் வீடு திரும்பி அயர்ந்து உறங்குகிறார்.

அந்தத் தாய்? விளக்கை அணைக்காமல், பேசாத மகளின் பக்கத்திலே விழித்திருக்கிறாள், தன்னந்தனியாக. நேற்றுவரை அவளுக்குப் பொய்த்துணை ஒன்று இருந்தது. இன்று அதுவும் இல்லை.

இங்கேதான் நாம் ஒரு கேள்வியை எழுப்புகிறோம். பொய்த்துணையைப் பறித்தவனுக்கு மெய்த்துணை தரும் கடமை உண்டா, இல்லையா? உண்டு என்கிறோம். "இல்லை" என்று சொல்லும் துணிவு பகுத்தறிவின் முதற்படி. அந்தப் படியிலேயே நின்றுவிட்டவன் வீட்டுக்குள் இன்னும் நுழையவில்லை.

அந்தத் தாய் ஏன் பூசாரியிடம் போனாள்? மடமையால் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நமக்கு எளிது. ஆனால் ஊரில் அவள் யாரிடம் போயிருக்கமுடியும்? ஆசிரியர் "பிள்ளை படிப்பதில்லை" என்று குறை சொன்னார். மாமியார் "உன் வளர்ப்பு அப்படி" என்று இடித்துரைத்தார். அடுத்த வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டனர். கணவனோ துயரத்தைச் சாராயக் கடையில் கரைக்கப் போய்விட்டான். பூசாரி ஒருவன்தான் பாய் விரித்து உட்காரச் சொல்லி, "எப்போதிருந்து, தாயி, பிள்ளைக்கு இப்படி?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்!

கேட்பதற்குச் செவியின்றித் தவிப்போர் எங்கு உண்டோ, அங்கெல்லாம் ஏய்ப்பவன் கடை விரிப்பான். "முன்வினை" என்பான் ஒருவன். "பெற்றோர் செய்த பாவம்" என்பான் மற்றொருவன். துயரத்தின் மீது குற்றத்தையும் சுமத்துகிற கொடுமை அது. பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்வோர் சிலரும் "கோழை மனம்", "பைத்தியம்" என்று நகைக்கிறார்களே, அவர்கள் வேறென்ன செய்கிறார்கள்? சொல்தான் மாறியிருக்கிறது, சுமை அதேதான்.

அந்தச் சுமை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நாடு ஒருமுறை கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களால் ஓட இயலவில்லை, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் கருகின. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்றோரும் உடன்பிறந்தோரும் வாழ்க்கைத் துணைவரும்தான். தர்காவில் நோய் தீரும் என்ற நம்பிக்கை ஒருபுறம். வீட்டில் வைத்துக் காக்க வழியின்மை மறுபுறம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுக்கும். நாணத்தின் சங்கிலியை, தனிமையின் சங்கிலியை அறுப்பவர் யார்?

நமக்கு உவப்பில்லாத உண்மை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளரை நம் நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சராசரியாக ஆறு கிழமை தங்கல். உடன் ஓர் உறவினர். காலையில் எளிய வழிபாடு. பகலில் பெருக்குதல், செடிக்கு நீரூற்றுதல் போன்ற சிறுபணி. மருந்து இல்லை. எனினும் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன! ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது; அதைக்கொண்டு மருந்தைத் தூக்கி எறியச் சொல்வது பேதைமை. ஆனால் நகைத்து ஒதுக்குவதும் அறிவுடைமை ஆகாது. தெய்வத்தின் திருவருள் என்று ஆய்வாளர்கள் எழுதவில்லை. அச்சமூட்டாத, ஆதரவான சூழலே பயன் தந்திருக்கக்கூடும் என்றார்கள். திண்ணையும் துணையும் சிறுபணியும் கோயிலுக்கு மட்டும் உரிய சரக்கா? நம் தெருவில் அவற்றை ஏன் நாம் தரவில்லை?

குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மனநலக் குறைகளில் பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நம் நாட்டில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 100க்கு 7 பேருக்கு மேல் மனநலக் குறை இருப்பதாகக் கண்டது. 40 பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் மூவர்! மனநல மருத்துவரோ ஒரு லட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற அளவுக்குக்கூட நாட்டில் இல்லை. மூவரில் ஒருத்தி கடைசி வரிசையில் வாய்மூடி இருக்கிறாள். ஒருவன் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறான். இன்னொருவன் வயிற்றுவலி என்று நாள்தோறும் வீடு திரும்புகிறான். "திமிர்", "சோம்பல்", "நடிப்பு" என்று மூவருக்கும் நாம் பெயர் சூட்டிவிட்டோம்.

பிள்ளையின் மனம் வீட்டோடு பின்னிக் கிடப்பது. தந்தையின் குடி, தாயின் பட்டினி, வட்டிக்காரன் வாசலில் நின்று பேசிய பேச்சு, வகுப்பில் சாதிப்பெயர் சொல்லி எறிந்த இழிசொல், மதிப்பெண் என்னும் சவுக்கு எல்லாம் அங்கே வந்து படிகின்றன. மருந்து வேண்டிய நோய்க்கு மருந்து கொடுத்தே தீரவேண்டும். ஆனால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு கை வேண்டாமா? திரும்பி வந்தபின் தாங்கிக்கொள்ள ஒரு தெரு வேண்டாமா?

இது வெறுங்கனவு அன்று. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டைப் பாருங்கள். நம்மினும் வறிய நாடு. மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டாவிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி, பேருந்துக் கட்டணத்துக்கு வழியின்றி மருத்துவமனைக்கு வர இயலாமல், உயிரை மாய்த்துக்கொண்டாள். நோயாளி வரட்டும் என்று காத்திருப்பது தவறு என்று உணர்ந்த அவர், 2006இல் ஹராரே நகரத்து ஏழைமக்கள் பகுதியில் 14 மூதாட்டியர்க்குப் பயிற்சி அளித்தார். நலவாழ்வு நிலையத்துக்கு வெளியே மரப்பலகை இருக்கை. அதில் ஒரு பாட்டி. அவர் பக்கத்தில் துயருற்றவர். பாட்டி மருந்து எழுதுவதில்லை. செவிசாய்க்கிறார், பல இன்னல்களில் எதை முதலில் தீர்க்கலாம் என்று உடனிருந்து வகுக்கிறார். 2016இல் வெளிவந்த ஆய்வின்படி, ஆறு திங்களுக்குப் பின், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 100க்கு 50 பேரிடம் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பாட்டியரிடம் பேசியவர்களில் 100க்கு 14 பேரிடம் மட்டுமே! அவர்கள் வளர்ந்தவர்கள்தாம். ஆனால் தாய் நிமிர்ந்த வீட்டில் பிள்ளை குனிந்தே கிடக்குமா?

"பாட்டிகளுக்கா நம் நாட்டில் பஞ்சம்? திண்ணைக்கா பஞ்சம்?" என்று கேட்பீர்கள். பஞ்சம் வேறொன்றில். நம் திண்ணைகளில் துயரம் கேட்கப்படுவதைக் காட்டிலும் வம்பு அளக்கப்படுவதே மிகுதி. "அந்த வீட்டுப் பெண் ஒரு மாதிரி" என்ற ஒரு சொல் போதும், அவள் அக்காளின் திருமணம் நின்றுபோகும். ஊர் என்கிறோமே, அது எல்லோருக்கும் ஒரே ஊரா? சாதிக்கொரு தெருவாகப் பிரிந்துகிடக்கும் ஊர், யார் வீட்டு அழுகையை யார் கேட்கும்? எனவே "சமூகம் துணைநிற்கட்டும்" என்று கூறிவிட்டால் போதாது. துணைநிற்கத் தகுதியுள்ள சமூகத்தை முதலில் ஆக்கவேண்டும். கேட்டதை வெளியே கொட்டாத நாவு, சாதி பார்க்காத கால், கடிந்துகொள்ளாத கண் ஆகிய மூன்றும் இல்லாதவன் தொண்டனாக வரவேண்டாம்!

தொடங்க வேண்டிய இடம் உண்டு: நம் படிப்பகங்கள். ஏட்டை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்டுக் கண்திறந்த இடங்கள் அவை. அங்கே கிழமைக்கு ஒரு மாலை, பொறுமையும் முதிர்ச்சியும் உள்ள ஆணும் பெண்ணும் பயிற்சி பெற்று அமரட்டும். 14416 என்ற அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவும் பகலும் இயங்குகிறது. அதைப் படிப்பகச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எந்தப் பேருந்து போகிறது என்று அறிந்துவையுங்கள். அந்தத் தாயோடு நீங்களும் ஏறுங்கள். 2017இல் பொதுத்தேர்வுத் தரவரிசைப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டது. தெருக்கள் இன்னும் கைவிடவில்லை. தேர்வு முடிவு வரும் நாளன்று, வென்றவன் வீட்டுக்கு மாலையோடு போவதற்கு முன், தவறியவன் வீட்டுக்கு வெறுங்கையோடேனும் போங்கள். மறுதேர்வு உண்டு என்று சொல்லுங்கள். அன்று மாலைவரை அவனோடு இருங்கள்.

மீண்டும் அந்தக் கூடத்துக்கு வருவோம். உடுக்கை ஓய்ந்துவிட்டது, பூசாரி போய்விட்டான், அவன் விரித்த பாய் வெறுமையாகக் கிடக்கிறது. தோழரே, வாதில் வென்றுவிட்டீர். வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொள்ளாதீர். உள்ளே வந்து அந்தப் பாயில் அமரும். அந்தத் தாயைப் பார்த்து, "எப்போதிருந்து, அம்மா, பிள்ளைக்கு இப்படி?" என்று நீர் கேளும். விடியும்வரை அவள் பேசினாலும் எழுந்திராதேயும்.