நிலைபேறு என்பது யாது?
கருந்துளை இயலும் ஸ்யாத்வாதமும்

ஒரு பொருளைச் சுட்டி, 'இது நிலைத்து நிற்குமா, நில்லாதா?' என்று ஒருவர் வினவினால், ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம் என்று உலகோர் எண்ணுவர். அருக சமயம் அதற்கு இடந்தருவதில்லை. 'எவ்வகையால், எவ்விடத்தில், எக்காலத்தில், எத்தன்மையில்?' என்று அது திருப்பிக் கேட்கும். இவ்வாறு கேட்பதனாலேயே, சமணர் உறுதியான விடை சொல்ல அஞ்சுபவர் என்னும் பழி நெடுங்காலமாக நம்மீது உண்டு. நம் இளைஞருள் சிலரும், 'அநேகாந்தம் என்றால் எல்லாம் சரி என்பதுதானே?' என்று கூறி, விரதங்களைத் தளர்த்துவதற்கு அதனையே துணையாக்கிக் கொள்கின்றனர். பெரியோருள் சிலரோ, 'இந்தத் தலைமுறையிடம் ஒழுக்கம் நிலைக்காது' என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்து விடுகின்றனர்.

இவ்விரு கூற்றுகளும் ஆராயத்தக்கன. அதற்குத் துணையாக, இயற்பியல் அறிஞர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் ஒரு வினாவை இங்கு எடுத்துக்கொள்வோம். கருந்துளை நிலையானதா என்பதே அவ்வினா.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. கருந்துளையை நம் ஆகமங்கள் முன்னரே கூறிவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்லுதல் பொய்யாமை விரதத்துக்கு ஒவ்வாது. கருந்துளை உயிரற்றது, அதற்கு வினைக்கட்டும் இல்லை, வீடுபேறும் இல்லை. ஒரு வினாவை முழுமையாகக் கேட்பது எப்படி என்னும் முறையை மட்டுமே நாம் அதனிடத்துக் கற்க விழைகின்றோம்.

மணியோசை அடங்குதல்

பேரளவு நிறையுள்ள விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்தபின், தன் ஈர்ப்பைத் தானே தாங்கமாட்டாது உள்நோக்கிக் குவிகின்றது. ஒளியும் வெளியேற முடியாத ஓர் எல்லைக்குள் அது சுருங்கிவிட்டால், அதனைக் கருந்துளை என்கிறோம். இவ்வாராய்ச்சியில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறு விண்மீன் ஒன்றின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைக் கடந்தால் அது அந்நிலையில் நிற்க இயலாது என்று கணித்தார். விண்மீன் இவ்வாறு நடந்துகொள்ள இயற்கை இடந்தராது என்று 1935இல் எடிங்டன் மறுத்தார். தம் ஒரு நோக்கையே முழு உண்மையாகக் கொண்ட ஏகாந்தம் பேரறிஞரையும் விடுவதில்லை என்பதற்கு இது சான்று. சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருந்துளை உண்டாகலாம் எனின், உண்டானபின் அது நிற்குமா? சிறிது அசைத்தால் சிதறிவிடுமா? 1957இல் ரெஜ்ஜேயும் வீலரும் இவ்வினாவை ஆராயத் தொடங்கினர். பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விஸ்வேஸ்வரா, சுழற்சியற்ற கருந்துளை நிலையானதே என்று 1970இல் கணித வழியில் காட்டினார். பின்னாளில் பெங்களூர் ஜவகர்லால் நேரு கோளரங்கத்தை நிறுவி நடத்தியவரும் இவரே.

ஆலய மணியை அடித்தால் அது ஒலித்து, ஒலி தேய்ந்து, மீண்டும் அமைதியடைகின்றது. கருந்துளையும் அசைத்தால் தனக்கே உரிய சில அதிர்வுகளை எழுப்பி, விரைவில் அடங்கிவிடும். இதனையும் அவரே அவ்வாண்டில் கண்டார். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அமெரிக்காவின் லைகோ கருவிகளில் பதிவான ஈர்ப்பலை, இரு கருந்துளைகள் மோதி ஒன்றானதைக் காட்டியது. அப்பதிவின் இறுதிப் பகுதி, புதிதாய்ப் பிறந்த கருந்துளையின் அதிர்வு அடங்குவதற்குப் பொருந்தியிருந்தது. எனவே, 'கருந்துளை நிலையானது' என்னும் கூற்று மெய்யே.

காய்ச்சிய உருக்கும் கருந்துளையும்

ஆயின், வினா அத்துடன் முடியவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உருக்கைப் பதப்படுத்தும் பட்டறைகளில் வேலை செய்யும் நம்மவர் நாள்தோறும் காண்பது ஒன்றுண்டு. சிவக்கக் காய்ச்சிய உருக்குத் துண்டை வெளியே வைத்தால், அது வெப்பத்தை இழக்க இழக்கக் குளிர்கின்றது; சூழலோடு ஒத்த வெப்பநிலையை அடைந்ததும் நின்றுவிடுகின்றது. பொருள்கள் வெப்பத்தால் சமநிலை எய்தும் பொதுவழி இது.

1972இல் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் ஒரு வினாவை எழுப்பினார். சூடான வாயுவைக் கருந்துளைக்குள் கொட்டினால், அதன் ஒழுங்கின்மையின் அளவாகிய என்ட்ரோபி எங்கே போகும்? அது மறைந்துபோகும் என்றால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பொய்த்துவிடும். ஆகவே, கருந்துளையின் எல்லைப் பரப்புக்கு ஏற்ப அதற்கும் என்ட்ரோபி உண்டு என்றார் அவர். என்ட்ரோபி உண்டு எனின் வெப்பநிலையும் உண்டு. வெப்பநிலை உண்டு எனின் கதிர்வீச்சும் உண்டு. அவ்வெப்பநிலையை 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங் கணித்தார். அக்கதிர்வீச்சை இன்றுவரை எவரும் விண்ணில் நேரிற் கண்டதில்லை. எனினும் கணிதம் அதனை வலுவாக ஆதரிக்கின்றது.

இங்கேதான் வியப்பு. பெரிய கருந்துளை குளிர்ந்தது, சிறியது சூடானது. எனவே, கருந்துளை ஆற்றலை இழந்தால் சிறுத்து மேலும் சூடாகும்; சூடாவதால் மேலும் விரைந்து இழக்கும்; இறுதியில் ஆவியாகி மறையும். சூழலிலிருந்து சிறிது மிகுதியாகப் பெற்றாலோ, பெருத்துக் குளிரும். குளிர்வதால் மேலும் மிகுதியாகப் பெறும். எப்பக்கம் சாய்ந்தாலும் அப்பக்கமே சரிந்து செல்லும். பட்டறை உருக்குக்கு இது நேர்மாறு. ஆகவே, 'கருந்துளை நிலையற்றது' என்னும் கூற்றும் மெய்யே.

நான்கு நோக்குகள்

இரண்டு கூற்றும் எவ்வாறு மெய்யாகும்? நம் ஆசாரியர்கள் ஒரு பொருளை 'அத்தி' என்றும் 'நாத்தி' என்றும் கூறும்போது, திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் நோக்கியே கூறினர். சமந்தபத்திரர் இயற்றிய ஆப்தமீமாம்சை இம்முறையை விரித்துரைக்கும் நூலாகும். இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு மேற்சொன்ன வினாவை நோக்குவோம்.

திரவியம்: எத்தகைய கருந்துளை? மின்னேற்றம் மிகுந்த கருந்துளையின் வெப்பக் கொள்ளளவு, சாதாரணப் பொருள்களுக்கு உள்ளதுபோல் மாறிவிடும் என்று பால் டேவிஸ் 1977இல் காட்டினார். அது வெப்பத்தை இழந்தால் குளிரும்.

க்ஷேத்திரம்: அது எங்கே உள்ளது? எல்லையற்ற வெட்டவெளியில் அது வெப்பச் சமநிலை கொள்ளாது. வெப்பம் வெளியேறாத ஓர் அறைக்குள் கதிர்வீச்சோடு அடைபட்டிருப்பின் நிலைமை வேறு. கருந்துளை சிறிது ஆற்றலை இழந்து சூடாகும்போது, அறையிலுள்ள கதிர்வீச்சு அதனினும் மிகுதியாகச் சூடாகி, இழந்ததைத் திருப்பித் தரும். ஆனால் அறை சிறிதாக இருத்தல் வேண்டும். கதிர்வீச்சின் ஆற்றல் கருந்துளையின் ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால்தான் இச்சமநிலை நிற்கும் என்பது 1976இல் ஹாக்கிங் கண்ட முடிவு. அறை மிகப் பெரிதாயின், சுவர் இருந்தும் பயனில்லை.

காலம்: எப்பொழுது? சூரியனையொத்த நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, ஒரு கெல்வினில் பத்துக் கோடியில் ஆறு பங்கேயாகும். அதனைச் சூழ்ந்த விண்வெளியின் இன்றைய வெப்பநிலையோ 2.7 கெல்வின். ஆதலின், இன்று அது இழப்பதினும் பெறுவதே மிகுதி. பிரபஞ்சம் மிகக் குளிர்ந்தபின்னரே அது தேயத் தொடங்கும். முற்றும் தேய்வதற்கு ஆகும் ஆண்டுகளை எழுத, ஒன்றின்பின் 67 சுழிகள் இடவேண்டும்.

பாவம்: எந்நிலைமையில், எதனால் சோதிக்கப்படுகின்றது? அதிர்ச்சியால் எனின் நிலையானது. வெப்பக் கொடுக்கல் வாங்கலால் எனின் நிலையற்றது.

இவ்வாறு, நிலைபேறு என்பது பொருளின் உள்ளே மட்டும் உறைவதன்று என்பது விளங்கும். அது பொருளுக்கும் அதன் சூழலுக்கும் இடையிலுள்ள உறவிலும் உள்ளது.

ஸ்யாத் என்பது சலுகையன்று

இனி இளைஞரின் கூற்றுக்கு வருவோம். 'ஸ்யாத்' என்னும் சொல்லுக்கு 'இருக்கலாம்' என்று பொருள் கொள்வோர் பலர். 'குறிப்பிட்ட இந்நோக்கில்' என்பதே அதன் உட்பொருள். மேலே கூறிய இரு முடிவுகளும் உண்மையாவது, எல்லாம் சரி என்பதனால் அன்று. ஒவ்வொன்றும் தன் நிபந்தனையை வெளிப்படக் கூறி, அந்நிபந்தனைக்குள் ஐயமின்றி நிற்பதனால். மின்னேற்றமற்ற கருந்துளை, வெட்டவெளியில் சூழலோடு உறுதியான வெப்பச் சமநிலை கொள்ளும் என்று ஒருவர் சொன்னால், அது எந்த நோக்கிலும் மெய்யாகாது. நிபந்தனையைக் கூறாமல் இரு பக்கமும் தலையசைப்பவர் ஸ்யாத்வாதி அல்லர். 'என் வசதிக்கு ஏற்ப' என்பது நான்கு நோக்குகளுள் ஒன்றன்று.

பெரியோரின் கூற்றும் அவ்வாறே நிபந்தனையற்றது. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளின் ஊர்களில், ஜினாலயத்தைச் சுற்றிய தெருவில் பொழுது சாயுமுன் எல்லா வீட்டிலும் உணவு முடிந்துவிடும். ஒரு வீட்டில் தளர்ச்சி நேர்ந்தால், அண்டை வீட்டின் அணைந்த அடுப்பே அதனை நினைவூட்டும். இழந்ததைத் திருப்பித் தரும் சிறிய அறை அது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நம் குடும்பங்கள் தெருவுக்கு ஒன்றாகச் சிதறி வாழ்கின்றன. இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் இளைஞன், இரவுணவு நீத்தலை எவ்வாறு காப்பான்? அவனுடைய திரவியம் மாறவில்லை, க்ஷேத்திரம் மாறிவிட்டது. க்ஷேத்திரத்தை நோக்காமல் அவனைப் பழித்தல் ஏகாந்தமேயாகும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. அதிர்ச்சியைத் தாங்குதல் வேறு. கசிவைத் தாங்குதல் வேறு. தமிழ்ச் சமணர் பல நூற்றாண்டுகளின் எதிர்ப்பையும் இழப்பையும் தாங்கி நின்றவர்கள். ஏளனத்துக்கு அஞ்சி நம்மவர் எவரும் விரதத்தைக் கைவிடுவது அரிது. ஆனால், எவரும் எதிர்க்காத இடத்தில், நாளுக்குச் சிறிதாக, வசதியின் வழியே அது கசிந்துபோகின்றது. கசியக் கசிய, மேலும் கசிவதும் எளிதாகின்றது. முதற் சோதனையில் தேறியதைக்கொண்டு இரண்டாவதிலும் தேறிவிட்டோம் என்று நாம் இறுமாந்திருத்தல் கூடாது.

அங்ஙனமாயின், குற்றமெல்லாம் சூழலின்மீது போய்விடாதோ எனின், போகாது. இங்கே நம் ஒப்புமை முடிவடைகின்றது. கருந்துளை தன் அறையைத் தானே தேர்ந்துகொள்ள இயலாது. உயிர் அறிவும் முயற்சியும் உடையது. தன் க்ஷேத்திரத்தை ஓரளவேனும் தானே அமைத்துக்கொள்ள வல்லது. சுவரின் துணையின்றித் தம் உள்வலிமையாலேயே நிற்போரும் உளர், அவர் சிலரே. எஞ்சிய நமக்கு அணுக்கமான சுவர் வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஆயிரவர் கூடும் பெருவிழா நன்றேயாயினும், அது மிகப் பெரிய அறை. தினமும் கசியும் வெப்பத்தை அது திருப்பித் தராது. அருகில் வாழும் நான்கு குடும்பங்கள் விடுமுறை நாளில் ஒரு வீட்டில் கூடிப் பொழுது சாயுமுன் உண்ணுதலும், ஷிப்டுக்குச் செல்லும் பிள்ளைக்கு மாலை உணவை முன்னரே கட்டிக் கொடுத்தலும், அவன் தவறியபோது பழிக்காமல் மறுநாளும் கட்டிக் கொடுத்தலும் சிறிய அறைகளாம்.

ஆகவே, 'இவனிடம் ஒழுக்கம் நிலைக்குமா?' என்று எவரைப் பற்றியேனும் வினா எழும்போது, தீர்ப்புக் கூறுமுன் நான்கு நோக்கையும் நோக்குவோமாக. அந்நான்கனுள் க்ஷேத்திரம் என்பது, அவனுக்கு அருகில் வாழும் நாமே என்பதையும் மறவாதிருப்போமாக.