ஃபெல்ப்ஸ் இருந்த குளம்

ஹங்கேரி நீச்சல் வீரர் லாஸ்லோ செஹ் பற்றிப் பேச ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே மைக்கேல் ஃபெல்ப்ஸ் வந்துவிடுவார். இதோ, எனக்கும் வந்துவிட்டார். ஐந்து ஒலிம்பிக்ஸ், ஆறு பதக்கங்கள். நான்கு வெள்ளி, இரண்டு வெண்கலம். தங்கம் இல்லை.

செஹ்ஹின் களம் மெட்லி. பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல் என நான்கையும் ஒரே போட்டியில் வரிசையாக நீந்த வேண்டும். ஒன்றில் மட்டும் கில்லாடியாக இருந்தால் பத்தாது. எல்லாம் தெரிந்தவருக்கென்றே வைத்த போட்டி அது. செஹ்ஹுக்கு எல்லாம் தெரியும். 2005 உலக சாம்பியன்ஷிப்பில் தனி பேக்ஸ்ட்ரோக்கில்கூட 100 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். ஒரே சிக்கல், எல்லாம் தெரிந்த இன்னொருவர் அவருக்கு ஐந்து மாதம் முன்னால் பால்டிமோரில் பிறந்துவிட்டார்.

2008 பெய்ஜிங்கில் செஹ் மூன்று வெள்ளி வாங்கினார். 400 மீட்டர் மெட்லியில் 4:06.16, 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 1:52.70, 200 மீட்டர் மெட்லியில் 1:56.52. மூன்றிலும் முதலில் வந்த ஃபெல்ப்ஸ் மூன்றிலும் உலக சாதனை படைத்தார். இப்போது நான்கு வருடம் பின்னால் போவோம். 2004 ஏதென்ஸில் இதே மூன்று போட்டிகளிலும் தங்கம் வாங்கிய ஃபெல்ப்ஸின் நேரங்கள்: 4:08.26, 1:54.04, 1:57.14. பெய்ஜிங்கில் தோற்ற செஹ், ஏதென்ஸில் ஜெயித்த ஃபெல்ப்ஸை மூன்றிலும் முந்துகிறார். 2008-இல் வந்த புது நீச்சலுடைகள் எல்லோருடைய நேரத்தையும் கொஞ்சம் குறைத்தன என்பது உண்மைதான். ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது: பெய்ஜிங்கில் செஹ் எதில் தோற்றார்?

தத்துவவாதி தாமஸ் நேகல், அதிர்ஷ்டத்துக்கும் அறத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதும்போது, ஒருவர் எந்தச் சூழலில் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறார் என்பதும் அதிர்ஷ்டத்தில் ஒரு வகை என்றார். இதை நாம் எல்லோருமே ஒப்புக்கொள்வோம். ஆனால் கணக்குப் போடும்போது ஒரு பக்கம் மட்டும்தான் போடுகிறோம்.

நீளக் குளத்தில் செஹ் இரண்டு முறை உலக சாம்பியன். 2005 மான்ட்ரியலில் 400 மெட்லி. அந்த வருடம் ஃபெல்ப்ஸ் அந்தப் போட்டியில் இறங்கவில்லை. 2015 கசானில் 200 பட்டர்ஃப்ளை, 1:53.48, ஃபெல்ப்ஸ் அப்போது அமெரிக்க நீச்சல் சங்கத்தின் தண்டனையில் இருந்ததால் கசானுக்கு வரவில்லை. அதே வாரம் சான் அன்டோனியோவில் நடந்த அமெரிக்க தேசியப் போட்டியில் அவர் 1:52.94-இல் நீந்தினார். உடனே நமக்குள் ஒரு குரல் கேட்கும்: "ஃபெல்ப்ஸ் இல்லைல்ல, அதான்."

சரி, இருக்கட்டும். ஃபெல்ப்ஸ் இல்லாததால் தங்கத்தின் மதிப்பு குறைகிறது என்றால், ஃபெல்ப்ஸ் இருந்ததால் வெள்ளியின் மதிப்பு ஏற வேண்டும் அல்லவா? வராதவரைக் காட்டித் தங்கத்தில் கழிக்கிறோம். வந்தவரைக் காட்டி வெள்ளியில் கூட்டுவதில்லை. இது அநியாயமான கணக்கு.

"அப்போ இடத்தை விடு, நேரத்தை மட்டும் பார்" என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவ்வளவு சுலபமில்லை. முன்னால் ஃபெல்ப்ஸ் போகாமல் இருந்திருந்தால் செஹ் 4:06.16-ஐத் தொட்டிருப்பாரா? தங்கத்தைப் பறித்தவருக்கு அந்த நேரத்திலும் ஒரு பங்கு இருக்கலாம். போட்டியாளரைக் கழித்துவிட்டு ஒரு மனிதரின் திறமையை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வழியில்லை. பதக்கம் சொல்வது, அன்று அந்தக் குளத்தில் யார் முதலில் சுவரைத் தொட்டார்கள் என்பதை மட்டும்தான். அதற்கு அது சரியான பதில். 'இவர் எவ்வளவு நல்ல நீச்சல்காரர்?' என்ற வேறொரு கேள்விக்கும் அதே பதிலை எழுதிவைப்பதுதான் நாம் செய்யும் தப்பு.

ஐடி-யில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பெல் கர்வ் போட்டு ரேட்டிங் தரும் இடங்களில், ஒருவருடைய வருடம் எப்படிப் போனது என்பதைப் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தீர்மானிக்கிறது. சம்பள உயர்வைப் பங்குபோட ஏதோ ஒரு வரிசை தேவைப்படலாம். அந்த வரிசையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து, ராத்திரி படுக்கையில் 'நான் இவ்வளவுதானா?' என்று கேட்டுக்கொள்வதுதான் ஆபத்து.

செஹ் அந்தக் கேள்வியை எப்படிச் சமாளித்தார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிவது, அவர் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 35 வயதில், 200 மெட்லி இறுதிப் போட்டியில் ஏழாவதாக வந்தார்.

அதற்கு முன்பு, 2016 ரியோவில், 100 மீட்டர் பட்டர்ஃப்ளை. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39-இல் தங்கம் வென்றார். இரண்டாவது இடத்தில் மூன்று பேர்: தென்னாப்பிரிக்காவின் சாட் லெ க்ளோஸ், ஃபெல்ப்ஸ், செஹ். மூவருக்கும் 51.14. நூறில் ஒரு நொடிகூட வித்தியாசமில்லை. ஃபெல்ப்ஸின் அந்த 51.14-ஐ ஒரு சோகமாக எழுதி நான் எங்கும் படித்ததில்லை. செஹ்ஹின் எண்ணும் அதேதான்.