ஏறுகிறவருக்கு வழிவிடுங்கள்

(திருக்குடும்ப விழா மறையுரை)



இன்றைய நற்செய்தியில் ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு பயணம் போகிறார்கள். ஏரோதின் கையிலிருந்து குழந்தையைக் காப்பாற்ற வேண்டும். கனவில் செய்தி வந்ததும், விடியட்டும் என்று யோசேப்பு காத்திருக்கவில்லை. அந்த இரவிலேயே எழுந்து எகிப்துக்குப் புறப்படுகிறார். பச்சைக் குழந்தையும் அதன் தாயும்தான் அன்று அவருக்கு முக்கியம். தன் வசதி அல்ல.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர் தங்கள் திருமண வெள்ளிவிழா ஆண்டில் காரில் நீலகிரிக்குப் போனார்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் அனுமதியோடு உங்களிடம் சொல்கிறேன். உதகையிலிருந்து கூடலூர் வழியாக முதுமலை தேசியப் பூங்காவுக்குச் சென்று, தெப்பக்காட்டில் யானைகளைப் பார்த்துவிட்டு, மசினகுடி, கல்லட்டி வழியாக மலையேறித் திரும்பினார்கள். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏதோ ஒரு சொல்லில் தொடங்கிய மனத்தாங்கல். மசினகுடி தாண்டியும் இருவரும் பேசவில்லை.

குறுகலான ஒரு வளைவில் வண்டி முதல் கியரில் திணறி ஏறுகிறது. கிளட்ச் கருகும் வாடை உள்ளே வருகிறது. எதிரே ஒரு ஜீப் இறங்கி வருகிறது. அதன் ஓட்டுநர் மேலேயே ஓரங்கட்டி நிறுத்தி, கையை வெளியே நீட்டி, "வாங்க, வாங்க" என்று அழைத்தார். கடந்து போனதும் மனைவி கேட்டாராம்: "அவர் நிக்கலேன்னா நாம என்னங்க ஆகியிருப்போம்?" காலைக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

மலைச்சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி. ஏறுகிற வண்டி நின்றால் பின்னால் உருளும். மறுபடி கிளப்புவது கடினம். இறங்குகிறவருக்கு நின்று புறப்படுவது எளிது. யாருக்கு எளிதோ அவர் நிற்க வேண்டும்; அதுதான் நியாயம்.

அன்பர்களே, இல்லறத்துக்கும் இதே நியாயம் போதும். படுக்கையில் கிடக்கும் மாமியாரை இரவெல்லாம் பார்த்துக்கொண்ட மனைவி இன்று ஏறுகிறார். வேலை போய், அதை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் கணவர் நாளை ஏறலாம். எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கிறிஸ்தவப் படிப்பினை அல்ல. இரண்டாம் வாசகத்தில் மனைவியரைப் பணிந்திருக்கச் சொல்லும் பவுல், அடுத்த மூச்சிலேயே கணவர்களிடம் அன்பு கேட்கிறார், கடுமை கூடாது என்கிறார். முதல் பாதியை மட்டும் வீட்டில் ஓதுகிறவர்கள் வாசகத்தை முழுதாகக் கேட்கவில்லை.

காட்டிலும் இந்த அறம் உண்டு. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை, அவசர ஊர்திகளும் சில பேருந்துகளும் தவிர மற்ற வண்டிகளுக்கு மூடப்படுகிறது. அந்த நேரம் யானைக்கும் புலிக்கும் உரியது. அதே தெப்பக்காட்டில், தாயை இழந்து வந்த ரகு என்ற யானைக் குட்டியைப் பொம்மன், பெள்ளி தம்பதியர் பிள்ளையாக வளர்த்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றது. தானாகப் பிழைக்க முடியாத ஓர் உயிருக்குத் தங்கள் வாழ்வில் இடம் கொடுத்தவர்கள் அவர்கள்.

விண்ணிலிருந்து இறங்கி வந்த ஆண்டவரும் நமக்காகத் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். அதைத்தான் கிறிஸ்து பிறப்பு விழாவில் கொண்டாடினோம்.

ஆகவே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் துணையிடம் கேளுங்கள்: "இப்ப உனக்கு எது பாரமா இருக்கு?" பதில் வரும்வரை பொறுத்திருங்கள். சொன்ன பாரத்தில் ஒன்றையாவது இன்றே உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களுக்குத் துணை நிற்பதாக. ஆமென்.